குடும்பக் கூட்டணிக் கட்சி: ஒன்டாரியோவின் ஒரு சிறு கட்சியைப் பற்றிய கேள்விகள்

குடும்பக் கூட்டணிக் கட்சி என்பது எது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1987 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் இயங்கிய கட்சி. ஃபேமிலி கோயலிஷன் பார்ட்டி என்பது அதன் பதிவுப் பெயர். கருக்கலைப்பு எதிர்ப்பு அதன் முதல் கொள்கை. மரபான குடும்ப அமைப்பும் பெற்றோரின் கல்வி உரிமையும் அதற்கடுத்தவை. மாகாணச் சட்டமன்றத்தில் ஓர் இடம்கூட அது வென்றதில்லை. எந்தத் தேர்தலிலும் மூன்று சதவீத வாக்கைத் தொட்டதும் இல்லை.

பிறகு ஏன் அதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டும்?

அதன் கோரிக்கைகள் தோற்ற விதம் வேறு, கட்சி தோற்ற விதம் வேறு. கட்சியின் வாக்குகள் வற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், அது பேசிய விஷயங்களை வைத்து ஒன்டாரியோவின் பெரிய கட்சி ஒன்று தலைவரையே தேர்ந்தெடுத்தது. ஆதரவாளர்கள் கொள்கையை விட்டுவிட்டுப் போகவில்லை. கொள்கையைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். போன இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்த வரலாற்றில் சுவையான பகுதி.

கருக்கலைப்பு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இந்தப் பக்கம் போகவில்லை.

கட்சி எந்தச் சூழலில் பிறந்தது?

1969இல் கனடா தன் குற்றவியல் சட்டத்தைத் தளர்த்தியது. மருத்துவமனைக் குழு ஒன்று அனுமதித்தால் கருக்கலைப்பு குற்றமாகாது என்று ஆனது. அந்தக் குழு முறையையே மீறி, ஹென்றி மார்கென்டாலர் என்ற மருத்துவர் 1983இல் டொரன்டோவின் ஹார்பர்ட் வீதியில் ஒரு கிளினிக் திறந்தார். போலீஸ் சோதனை, வழக்கு, ஜூரியின் விடுதலைத் தீர்ப்பு, அதை ரத்து செய்த மேல்முறையீட்டு நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம் என்று ஐந்து ஆண்டுகள் அந்த விவகாரம் ஒன்டாரியோவை உலுக்கியது. கிளினிக் வாசலில் இரு தரப்பும் பதாகைகளோடு நிற்பது செய்தித்தாள்களின் வாடிக்கைப் படமாகிவிட்டது.

கருக்கலைப்பை எதிர்த்த இயக்கங்களில் பெரியது கேம்பெய்ன் லைஃப் கோயலிஷன். லிபரல், முற்போக்கு கன்சர்வேட்டிவ், புதிய ஜனநாயகக் கட்சி ஆகிய மூன்றுமே தங்களைக் கைவிட்டுவிட்டன என்று அதன் ஆட்கள் முடிவுக்கு வந்தார்கள். 1986 டிசம்பரில் மாகாண மனித உரிமைச் சட்டத்தில் பாலியல் நாட்டம் ஒரு பாதுகாக்கப்பட்ட அடிப்படையாகச் சேர்க்கப்பட்டது அந்த எண்ணத்தை இறுக்கியது. அடுத்த ஆண்டே அந்த இயக்கத்தவர் தனிக்கட்சி கண்டார்கள். முதல் தலைவர் டொனால்ட் பெனல்.

கருக்கலைப்பு மத்திய அரசின் சட்டம். மாகாணக் கட்சி அதில் என்ன செய்துவிட முடியும்?

நியாயமான கேள்வி. அன்றைக்கும் பலர் கேட்டார்கள். கனடாவில் குற்றவியல் சட்டம் ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின் கையில். மருத்துவமனையும் மருத்துவச் செலவும் மாகாணத்தின் கையில். சட்டத்தை மாற்ற முடியாவிட்டாலும் பணத்தை நிறுத்தலாமே என்பது கட்சியின் வாதம். மாகாண மருத்துவக் காப்பீட்டில் இதற்குச் செலவிடக் கூடாது என்பதுதான் அதன் நடைமுறைக் கோரிக்கை.

1988 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தையே செல்லாததாக்கியது. புதிய சட்டம் கொண்டுவரப் பிரதமர் மல்ரோனியின் மத்திய அரசு முயன்றது. மசோதா மக்களவையைத் தாண்டி, 1991 ஜனவரி 31 அன்று செனட்டில் 43க்கு 43 என்று சமநிலையில் நின்று விழுந்தது. செனட்டில் சமநிலை என்றால் தோல்வி. அதற்குப் பிறகு கனடாவில் கருக்கலைப்புக்கென்று குற்றவியல் சட்டம் ஏதும் இல்லை. ஆகவே போராட மிச்சம் இருந்த களம் மாகாண கஜானா மட்டுமே. அங்கும் முன்னுதாரணம் சாதகமாக இல்லை: பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதல்வர் பில் வாண்டர்சாம் 1988இல் இந்த நிதியை நிறுத்தப் பார்த்தார், நீதிமன்றம் சில வாரங்களிலேயே தடுத்துவிட்டது.

இதைக் கிறிஸ்தவக் கட்சி என்று சொல்லலாமா?

ஆட்களை வைத்துச் சொன்னால் ஆம். அடித்தளம் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். கூடவே இவாஞ்சலிக்கல் சபையினர். பெயரை வைத்துச் சொன்னால் இல்லை. பெயரில் கிறிஸ்து என்ற சொல் கிடையாது, குடும்பம் என்ற சொல்தான் உண்டு. கத்தோலிக்கர் அல்லாதவர்களும் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உள்ளே வரத் தயங்கக் கூடாது என்ற கணக்கு அதில் தெரிகிறது. நல்ல கணக்குதான், பலன் தரவில்லை.

கிறிஸ்டியன் ஹெரிட்டேஜ் பார்ட்டியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது மத்தியில் போட்டியிடும் கட்சி. ஏறக்குறைய இதே காலத்தில் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்திலிருந்து குடியேறிய சீர்திருத்த சபையினரின் (கால்வின் வழிப் புராட்டஸ்டன்ட்டுகள்) செல்வாக்கு அதில் அதிகம். அதன் முதல் தலைவர் எட் வான்வூடன்பெர்க் என்ற பெயரே அதைச் சொல்லிவிடும். விவிலியத்தை அரசியலின் அடிப்படையாக வெளிப்படையாகவே அறிவித்த கட்சி அது. ஒரே ஆள் மாகாணத்தில் இதற்கும் மத்தியில் அதற்கும் வாக்களிப்பதில் முரண் எதுவும் இல்லை.

எத்தனை வாக்குகள் வாங்கியது?

முதல் தேர்தலான 1987இல் 36 வேட்பாளர்கள், 48,110 வாக்குகள், 1.3 சதவீதம். மாகாணத்தில் அப்போது 130 தொகுதிகள்; சில மாதக் குழந்தையான ஒரு கட்சிக்கு இது மோசமான தொடக்கம் அல்ல. 1990இல் 68 வேட்பாளர்கள், 1,10,831 வாக்குகள், 2.7 சதவீதம். அதுதான் உச்சம். 1995இல் 55 வேட்பாளர்கள் சேர்ந்து 61,065. 1999இல் அதுவும் 25,000க்குக் கீழே போனது. 2003இல் சற்றே நிமிர்ந்து சுமார் 34,600. 2007இல் சுமார் 35,800. 2011இல் பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை.

மொத்தத் தொகையைப் பார்த்தால் 2003, 2007 இரண்டும் மீட்சி போலத் தோன்றும். வேட்பாளர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 1987இல் ஒரு வேட்பாளருக்குச் சராசரி சுமார் 1,340 வாக்கு. 1990இல் சுமார் 1,630. 2007இல் கட்சி வரலாற்றிலேயே அதிகமாக 83 பேரை நிறுத்தியது; சராசரி 430 சொச்சம். 2011இல் 31 பேர், ஆளுக்கு முந்நூறு சொச்சம். பெயர்களின் பட்டியல் நீண்டது, வீட்டுக்கு வீடு இருந்த ஆதரவு கரைந்தது. 2007 ஏற்றம் ஒரு கண்மாயம்.

1990 தேர்தலில் ஆட்சி கவிழ்ந்ததற்கு இந்தக் கட்சிதான் காரணமா?

அப்படிச் சொல்லும் கட்சிக்காரர்கள் உண்டு. முழுதாக நம்ப வேண்டாம், முழுதாகத் தள்ளவும் வேண்டாம்.

நடந்தது இது. லிபரல் முதல்வர் டேவிட் பீட்டர்சன் 1987இல் 95 இடங்களோடு அசைக்க முடியாத நிலையில் இருந்தார். காலம் இருக்கும்போதே அவசரப்பட்டு 1990 செப்டம்பர் 6இல் தேர்தல் வைத்தார். மக்கள் எரிச்சலடைந்தார்கள். பாப் ரே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி 37.6 சதவீத வாக்கில் 74 இடங்களைப் பிடித்தது. 32.4 சதவீதம் வாங்கிய லிபரல்களுக்கு 36 இடங்களே மிஞ்சின. கன்சர்வேட்டிவ்களுக்கு 20.

மும்முனைப் போட்டியில் சில தொகுதிகளின் வித்தியாசம் மிகக் குறைவு. அங்கே ஆயிரத்துச் சொச்சம் வாக்கு பிரித்தவர் முடிவை மாற்றியிருக்கலாம். ஆனால் வாக்கைப் பிரித்தது இவர்கள் மட்டுமல்ல. பிரெஞ்சு மொழிச் சலுகைகளை எதிர்த்த கான்ஃபெடரேஷன் ஆஃப் ரீஜன்ஸ் கட்சி 1.9 சதவீதம் எடுத்தது. பசுமைக் கட்சியும் லிபர்டேரியன்களும் தலைக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். அந்த ஆண்டு கோப வாக்குகளுக்கு நல்ல விளைச்சல். குடும்பக் கூட்டணிக்குக் கிடைத்த 1,10,831இல் எவ்வளவு கொள்கை, எவ்வளவு கோபம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்தாண்டில் பாதி காணாமல் போனதைப் பார்த்தால் கோபத்தின் பங்கு கணிசம் என்றே தோன்றுகிறது.

இன்னொரு வேடிக்கை: இவர்கள் பிரித்த வாக்கு யாருக்காவது உதவியிருந்தால் அது புதிய ஜனநாயகக் கட்சிக்கு. கருக்கலைப்பு உரிமையை மூன்று கட்சிகளிலும் உறுதியாக ஆதரித்தது அதுதான்.

விகிதாசார முறை இருந்திருந்தால்?

ஒன்டாரியோவில் நடப்பது இந்தியாவில் இருக்கும் அதே முறை: தொகுதியில் முதலில் வந்தவர் வெற்றி, மற்ற வாக்கெல்லாம் கணக்கோடு சரி. ஓரிடத்தில் குவிந்திராத சிறு கட்சிக்கு இதில் வழியே இல்லை.

நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 150 இடங்கள். ஓர் இடத்துக்குரிய வாக்கு, அதாவது சுமார் 0.67 சதவீதம் இருந்தால் போதும், உள்ளே போகலாம். எஸ்.ஜி.பி. என்ற கடும் கால்வினியக் கட்சி இரண்டு சதவீதத்தை ஒட்டிய வாக்கை வைத்துக்கொண்டு 1922 முதல் இடைவிடாமல் நாடாளுமன்றத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று உறுப்பினர்களோடு உட்கார்ந்திருக்கிறது. 1990இல் ஒன்டாரியோவில் கிடைத்த 2.7 சதவீதம் அங்கே நான்கு இடம்.

2007 அக்டோபர் 10 அன்று மாகாணத் தேர்தலோடு சேர்த்து ஒரு கருத்து வாக்கெடுப்பும் நடந்தது. 129 இடங்களில் 39ஐக் கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்பும் கலப்பு விகிதாசார முறை வேண்டுமா என்பது கேள்வி. ஏறத்தாழ 63 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அந்தத் திட்டத்திலும் பட்டியல் இடம் பெற மூன்று சதவீதம் தேவை. கட்சியின் உச்சமான 2.7கூட அந்த வாசலில் தடுக்கி விழுந்திருக்கும்.

கட்சி ஏன் சரிந்தது?

பெரிய காரணம் கன்சர்வேட்டிவ் தலைவர் மைக் ஹாரிஸ். 1994இல் புதிய ஜனநாயக அரசு, ஒருபாலினத் தம்பதிகளுக்குச் சம உரிமை தரும் மசோதா 167ஐக் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று விடப்பட்டது. ஜூன் 9 அன்று 68க்கு 59 என்று அது தோற்றது. கன்சர்வேட்டிவ்கள் ஒட்டுமொத்தமாக எதிர்த்தார்கள். முதலில் ஆதரவாகப் பேசிவந்த லிபரல் தலைவர் லின் மெக்லியட் பின்வாங்கினார். சட்டமன்றத்தில் ஓர் ஆள்கூட இல்லாத கட்சியின் வாக்காளர்கள், தாங்கள் விரும்பிய முடிவு பெரிய கட்சிகள் வழியாகவே கிடைப்பதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஹாரிஸ் வரிக் குறைப்பைச் சொல்லி வாக்கு கேட்டபோது அவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. ஹாரிஸ் கருக்கலைப்பு விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு கதை.

உள்ளே நுழைந்து மாற்றுவது என்ற எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. மத்தியில் லிபரல்ஸ் ஃபார் லைஃப் என்ற குழு கட்சி வேட்பாளர் தேர்வுகளில் ஆட்களைத் திரட்டியது. டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதி எம்.பி. டாம் வாப்பல் 1990இல் லிபரல் தலைமைக்கே போட்டியிட்டார். தனிக்கட்சி வைத்து மூன்று சதவீதத்துக்கு மல்லுக்கட்டுவதா, இருநூறு பேரை உறுப்பினராக்கி ஒரு வேட்பாளர் தேர்வை ஜெயிப்பதா? கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள்.

கருக்கலைப்பைத் தவிர வேறு எதுவும் பேசவில்லையா?

பேசியது, அதிகம் கேட்கப்படவில்லை. 1999, 2003, 2007 தேர்தல்களில் தலைவராக இருந்தவர் ஜுசெப்பே கோரி. ஒற்றைக் கோரிக்கைக் கட்சி என்ற பெயரைத் துடைக்க அவர் காலத்தில் முயற்சி நடந்தது. கல்விப் பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்காமல் பெற்றோர் கையில் வவுச்சராகக் கொடுத்து, விரும்பிய பள்ளியைத் தேர்வு செய்ய விட வேண்டும் என்பது அந்த முயற்சியில் முக்கியமானது. 2003 ஜூன் 10 அன்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருபாலினத் திருமணத்தை உடனடியாகச் செல்லுபடியாக்கியது. நான்கு மாதம் கழித்து வந்த தேர்தலில் கட்சியின் வாக்கு சிறிது உயர்ந்ததற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2007இல் பள்ளி நிதிதான் தேர்தலின் பெரிய பேச்சாக இருந்ததே, ஆதாயம் கிடைக்கவில்லையா?

கிடைக்கவில்லை. ஒன்டாரியோவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு முழு அரசு நிதி உண்டு. 1984இல் அப்போதைய முதல்வர் பில் டேவிஸ் மேல்நிலை வகுப்புகள் முடிய அதை நீட்டிப்பதாக அறிவித்தார். மற்ற மதப் பள்ளிகளுக்கு இல்லை. கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான் டோரி 2007இல் அவற்றுக்கும் தருவேன் என்றார். அந்த வாக்குறுதி அவருடைய தேர்தலையே மூழ்கடித்தது. லிபரல் டால்டன் மெகின்டி மறுபடி ஜெயித்தார். வவுச்சர் கட்சிக்கு இதில் இரட்டை இடி. அதன் கோரிக்கையின் பாதியைப் பெரிய கட்சி எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கப் பெற்றோருக்கோ தங்கள் பள்ளிக்கு ஏற்கனவே பணம் வருகிறது, போராடும் அவசரம் இல்லை.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

2011 தேர்தலில் தலைவர் ஹாமில்டன் பகுதியின் பில் லீஸ். பள்ளிப் பாடத்திட்டம் அப்போது பேச்சாகியிருந்தது: மெகின்டி அரசு தான் வெளியிட்ட பாலியல் கல்விப் பாடத்தை, எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே, 2010 ஏப்ரலில் திரும்பப் பெற்றது. அந்த எதிர்ப்பும் வாக்காக மாறவில்லை. பிறகு தலைவர்கள் அடுத்தடுத்து மாறினார்கள். 2010களின் நடுவில் நியூ ரிஃபார்ம் பார்ட்டி என்று பெயரும் மாற்றப்பட்டது. மேற்குக் கனடாவில் ஒருகாலத்தில் புயலாக எழுந்த ரிஃபார்ம் கட்சியின் நினைவைக் கிளறும் பெயர். முப்பது ஆண்டு சேர்த்து வைத்திருந்த கொஞ்சநஞ்ச அடையாளமும் அதோடு போயிற்று என்பது என் எண்ணம். பிறகு கட்சி பதிவிலிருந்தே மறைந்தது.

தமிழர்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

கட்சியோடு சொல்லும்படியான தொடர்பு இல்லை. கட்சி விட்டுச்சென்ற சர்ச்சையோடு உண்டு. 2015இல் லிபரல் முதல்வர் கேத்லீன் வின் அரசு புதிய பாலியல் கல்விப் பாடத்தைக் கொண்டுவந்தது. இந்த முறை எதிர்த்தவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல. முஸ்லிம், சீன, தெற்காசியப் பெற்றோரும் வீதிக்கு வந்தார்கள்.

2016 செப்டம்பர் 1இல் ஸ்கார்பரோ – ரூஜ் ரிவர் தொகுதியில் இடைத்தேர்தல். தமிழர்கள் செறிந்து வாழும் தொகுதி. லிபரல் வேட்பாளர் பிரகல் திரு, புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளர் நீதன் சான், இருவரும் தமிழர்கள். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ரேமண்ட் சோ. பாடத்திட்ட எதிர்ப்பை மட்டும் வைத்து குவீனி யூ சுயேச்சையாக நின்றார். கன்சர்வேட்டிவ் தலைவர் பேட்ரிக் பிரவுன் பெயரில், ஆட்சிக்கு வந்தால் பாடத்தை ரத்து செய்வோம் என்று ஒரு கடிதம் தொகுதியில் போனது. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, அந்தக் கடிதம் தவறு, ரத்து செய்ய மாட்டேன் என்று அவரே பல்டி அடித்தார். ஆனாலும் 1999இல் தொகுதி உருவானது முதல் லிபரல்களிடம் இருந்த இடத்தை ரேமண்ட் சோ வென்றார். குவீனி யூவுக்குச் சில நூறு வாக்குகளே. பிரச்சினையைக் கையில் எடுத்தவர் ஒருவர், பலனை அறுத்தவர் இன்னொருவர்.

பெரிய கட்சிக்குள் போனவர்கள் என்ன சாதித்தார்கள்?

இரண்டு வாக்கெடுப்புகளைப் பார்த்தால் போதும்.

2016 அக்டோபரில் நயாகரா பகுதியில் சாம் ஊஸ்டர்ஹாஃப் என்ற பத்தொன்பது வயது இளைஞர், கன்சர்வேட்டிவ் கட்சியின் நிர்வாகத் தலைவராகவும் முன்னாள் எம்.பி.யாகவும் இருந்த ரிக் டைக்ஸ்ட்ராவையே வேட்பாளர் தேர்வில் தோற்கடித்தார். சீர்திருத்த சபைக் குடும்பம், சபையாட்களின் திரட்டல். நவம்பர் 17இல் இடைத்தேர்தலையும் வென்றார். குடும்பக் கூட்டணி முப்பது ஆண்டில் செய்ய முடியாததை ஒரே மாதத்தில் செய்துவிட்டார். நவம்பர் 29 அன்று பெற்றோர் உரிமையை ஒருபாலினத் தம்பதிகளுக்கும் விரிக்கும் சட்டம் அவையில் வந்தது. 79க்கு 0 என்று நிறைவேறியது. ஊஸ்டர்ஹாஃப் பதவியேற்றது மறுநாள்.

2017 அக்டோபரில் கருக்கலைப்பு கிளினிக்குகளைச் சுற்றிப் போராட்டம் நடத்தத் தடை விதிக்கும் சட்டம் வந்தது. கேம்பெய்ன் லைஃப் இயக்கத்தின் அடிமடியிலேயே கை வைத்த சட்டம். 86 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் ஜாக் மெக்லாரன். கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டவர்.

2018 கன்சர்வேட்டிவ் தலைமைத் தேர்தலில் பாடத்திட்ட எதிர்ப்பாளர் டான்யா கிரானிக் ஆலன் முதல் சுற்றில் சுமார் 15 சதவீதம் எடுத்தார். அவர் விலக்கப்பட்டதும் அவருடைய வாக்குகளில் பெரும்பகுதி டக் ஃபோர்டுக்குப் போய், மயிரிழையில் அவரைத் தலைவராக்கியது. இரண்டு மாதத்தில் அதே ஃபோர்டு, பழைய பேச்சுகளைக் காட்டி, கிரானிக் ஆலனின் சட்டமன்ற வேட்பாளர் வாய்ப்பைப் பறித்தார். முதல்வரானதும் 2015 பாடத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார். 2019இல் வந்த மாற்றுப் பாடம் பெரும்பாலும் அதே பாடம்தான்.

மற்ற மாகாணங்களிலும் இப்படிக் கட்சிகள் இருந்தனவா?

பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் இதே பெயரில் ஒரு கட்சி இருந்தது. பிறகு பிற சிறு கட்சிகளோடு சேர்ந்து யூனிட்டி பார்ட்டி ஆனது. 2001இல் அங்கே மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியது, இடம் இல்லை.

இன்று ஒன்டாரியோவில் அந்த இடத்தில் யார்?

நியூ ப்ளூ பார்ட்டி, ஒன்டாரியோ பார்ட்டி என்ற இரண்டு. முதலாவதை 2020இல் ஜிம் கராஹாலியோஸ், பெலிண்டா கராஹாலியோஸ் தம்பதி தொடங்கினார்கள். பெலிண்டா கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர். இரண்டாவதுக்கு முன்னாள் எம்.பி. டெரெக் ஸ்லோன் தலைவரானார். 2022 தேர்தலில் நியூ ப்ளூ வாங்கியது 2.7 சதவீதம், ஒன்டாரியோ பார்ட்டி 1.8. இரண்டும் சேர்ந்தால் நாலரை; இடம் பூஜ்யம்.

அந்த 2.7 இருக்கிறதே, 1990இன் அதே 2.7, இப்போது அதற்கு ஒரு மதிப்பு உண்டு. 2017 முதல் ஒன்டாரியோவில் இரண்டு சதவீதத்துக்கு மேல் வாங்கும் கட்சிக்கு, பெற்ற வாக்கைக் கணக்கிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசே பணம் தருகிறது. டொனால்ட் பெனல் காலத்தில் அந்தச் சட்டம் இல்லை.